ஒரு துடிப்புக்கு ஒரு மீட்டர்

நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அந்தப் பழக்கத்தில், ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு நீள நோட்டில் எழுதி வந்தேன். தேதி, தூரம், நேரம், வெயிலா மேகமா, முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்பது வரை இருக்கும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் புரட்டினேன். வயிறு எரிந்தது. ஆரம்பத்தில் 10 கி.மீ. ஓட 62 நிமிடம் எடுத்திருந்தேன். கடைசியாக ஓடியதில் 61 நிமிடம் 50 விநாடி. காலை நாலே முக்காலுக்கு எழுந்து, இருட்டில் ஷூ மாட்டி, தெருநாய்களிடம் தப்பித்து, ஒன்றரை வருடத்தில் நான் சம்பாதித்தது 10 விநாடி.

அப்போது எனக்கு 41 வயது. வயசாகிவிட்டது, இனி இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வருவார். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் பி.டி. சார். நான் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்தில் வந்து, "என்னப்பா, தினமும் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரியே ஓடுறியே?" என்றார். பேச்சு வளர்ந்தது. மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டியதும் சிரித்தார். "எல்லா வரியும் ஒண்ணு போலவே இருக்கே. கடைக் கணக்கு இப்படி இருந்தா ஆடிட்டர் சந்தேகப்பட மாட்டாரா?"

அவர் சொன்னது சரிதான். வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஐந்தரை கி.மீ., ஒவ்வொரு முறையும் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் பத்து விநாடி, ஐந்து விநாடி முன்னே பின்னே. அதாவது 10 கி.மீ. போட்டியில் என்னால் முடிகிற உச்ச வேகத்தையே தினமும் பாதி தூரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அது நிதானமான ஓட்டமும் இல்லை, உண்மையான வேக ஓட்டமும் இல்லை. மறுநாள் கால் கனமாக இருக்கிற அளவுக்குக் கடினம். வேகத்தைக் கற்றுத்தருகிற அளவுக்குக் கடினம் இல்லை. புதிதாக ஓட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டுங்கெட்டான் வேகத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வேர்த்துக் கொட்டினால்தான் ஓடியதாக மனசு ஒப்புக்கொள்கிறது.

பி.டி. சார் போட்ட முதல் விதி ஒன்றே ஒன்று. ஓடும்போது பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கி நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாரத்தில் நாலு நாள் இப்படித்தான். இதயத் துடிப்பைப் பார்க்கிற கடிகாரம் என்னிடம் இருந்தது. அதையெல்லாம் அவர் மதிக்கவே இல்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போயின. வாய்ப்பாடு தடைபடாமல் வருகிற வேகத்தில் எனக்கு நிமிடத்துக்கு 150 துடிப்பு. வேகமோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் இருபது விநாடி.

அந்த ஜனவரி மாதம் என் தன்மானத்துக்குப் பெரிய சோதனை. வேகநடை போடுகிற ரிடையர்டு மனிதர்கள் என் கூடவே வந்தார்கள். எதிர்வீட்டு மாமா, "என்ன தம்பி, கால்ல அடியா?" என்று விசாரித்தார். "பதினாறேழு நூத்திப் பன்னெண்டு" என்று முனகிக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போனேன். மூன்றாவது வாரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். ஓடி முடித்து கடைக்குப் போனால் மத்தியானம் தூக்கம் வரவில்லை. மறுநாளும் ஓடலாம் போலிருந்தது. வாரத்துக்கு 28 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன் எந்த வலியும் இல்லாமல் 38-க்குப் போனேன். அப்புறம் 45.

மெதுவாக ஓடினால் வேகம் எப்படி வரும் என்று நானும் கேட்டேன். சார் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டைச் சொன்னார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டக்காரர்களை உருவாக்கிய மனிதர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்காக வாரத்துக்கு 160 கி.மீ. வரை ஓட வைத்தார் லிடியார்ட். நிதானமாக நீண்ட நேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கிற கட்டுமானம். தினமும் மூச்சுமுட்ட ஓடினால் இதற்குத் தேவையான மணிநேரத்தை உடம்பால் தர முடியாது.

கணக்குப்பிள்ளை புத்தி எனக்கு இங்கேதான் உதவியது. நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: ஒரு இதயத் துடிப்புக்கு எத்தனை தூரம். ஏழு இருபது வேகம் என்றால் நிமிடத்துக்கு 136 மீட்டர். அதை 150-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 91 செ.மீ. மோட்டார் சைக்கிளுக்கு மைலேஜ் பார்க்கிற ஊரில், எனக்கு மட்டும் ஏன் பார்க்கக் கூடாது? வேகமாக ஓடுவது எப்படி என்ற கேள்வி அன்றைக்கு மாறியது. அதே துடிப்பில் அதிக தூரம் போவது எப்படி? சிக்கனம் என்றால் எனக்குப் புரியும். சம்பளம் ஏறாத வருடங்களில் குடும்பம் நடத்தியவன் நான்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டுக் கடிகாரம் சில நேரம் இதயத் துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது திடீரென்று 160-க்குத் தாவி அங்கேயே நின்றால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் உங்கள் காலடிதான். வாரை இறுக்கிக் கட்டி, கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டால் சரியாகும். மார்பில் கட்டும் பட்டை இன்னும் நம்பகமானது. அதேபோல 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் ஊர் சராசரிக்குத்தான் பொருந்தும். எனக்கு அது 179 என்றது. மலையேற்றத்தின் முடிவில் நானே பார்த்தது 188.

பிப்ரவரி நடுவில்தான் சார் வேக ஓட்டத்துக்குச் சம்மதித்தார். 400 மீட்டர் ஒரு சுற்று, நடுவில் ஒன்றரை நிமிடம் மெல்ல நடை, மொத்தம் ஆறு தடவை. ஆறு வாரம் அடக்கிவைத்த குதிரை நான். முதல் சுற்றை 1:45-இல் முடித்து, பெருமையோடு அவரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது 1:58. நாலாவது 2:20. ஆறாவது 2:40, முடித்ததும் புல்தரையில் படுத்துவிட்டேன். "கடைசிச் சுத்தும் முதல் சுத்தும் ஒரே நேரமா இருக்கணும். முடிச்சதும் இன்னும் ஒண்ணு ஓடலாம்னு தோணணும், ஆனா ஓடக் கூடாது" என்றார். அடுத்த வாரம் ஒவ்வொரு சுற்றும் 2:20. சப்பென்று இருந்தது. ஆனால் அந்த சப்பென்ற பயிற்சிதான் மாதாமாதம் இரண்டு மூன்று விநாடி குறைந்து, நவம்பரில் எட்டுச் சுற்றும் 2:05 என்று வந்து நின்றது.

இப்படி நடுவில் இளைப்பாறி ஓடுகிற இன்டர்வல் பயிற்சியைவிட எனக்கு அதிகம் கொடுத்தது வேறொன்று என்று நினைக்கிறேன். நிதான ஓட்டத்தின் முடிவில், வாரத்தில் இரண்டு நாள், நூறு மீட்டர் அளவுக்கு ஐந்து வேக ஓட்டம். உச்ச வேகம் இல்லை. உடம்பைத் தளர்த்தி, சிரமப்படாமல் எவ்வளவு வேகம் வருமோ அவ்வளவு. நடுவில் முழுசாக இளைப்பாற வேண்டும். ஓட்டக்காரர்கள் இதை ஸ்ட்ரைட்ஸ் என்பார்கள். பத்து நிமிட வேலை, மறுநாள் வலியும் இல்லை. வேகமாகப் போகும்போது தோளை இறுக்காமல் இருப்பது எப்படி என்று கால்களும் நரம்பும் இதில்தான் கற்றுக்கொள்கின்றன.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நானே காரியத்தைக் கெடுத்தேன்.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி செல்போனில் ஓட்ட வீடியோக்கள் பார்த்தேன். குதிகாலை ஊன்றி ஓடுவது தப்பு, முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்றது ஒன்று. நிமிடத்துக்கு 180 காலடி வைக்க வேண்டும் என்றது இன்னொன்று. நான் எண்ணிப் பார்த்தேன், எனக்கு 158. மறுநாள் காலை முதல் காதில் 180 தாளத்துக்கு டிக் டிக் என்று ஒலிக்க, முன்பாதத்தில் குதித்துக் குதித்து ஓடினேன். சாரிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் இடது குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாண், கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு வலித்தது. "என்னங்க, நொண்டுறீங்க?" என்றாள் மனைவி. இல்லை என்றேன். மாடிப்படி இறங்கும்போது அவளே பார்த்துவிட்டாள்.

அந்த 180-இன் கதையை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் காலடியை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லோருமே 180-ஓ அதற்கு மேலோ வைத்தார்கள். அவர்கள் உலகத்தின் மிகச் சிறந்த கால்கள். அதுவும் போட்டி வேகத்தில். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போகிற கணக்குப்பிள்ளைக்கு அந்த எண் எதற்கு? ஓடுகிற அழகைப் பற்றியும் இதே கதைதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஜாடோபெக் தலையை ஆட்டிக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி ஓடுவார். யாரும் அவரிடம் பதக்கத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு சோதனை வைத்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுசாக உயர்த்தி இறக்க வேண்டும். வலது காலில் 19 வந்தது. இடது காலில் 9. "ஓடணும்னா 25 வேணும். காலை எப்படி வைக்கிறீங்கங்கிறது பிரச்சினையே இல்ல சார், கெண்டைக்கால்ல பலமே இல்ல" என்றார். ஒன்றரை வருடம் ஓடியவனின் கெண்டைக்கால் இது. ஓட்டம் மட்டுமே காலுக்குப் பலம் தந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

அவர் கொடுத்தது சுவீடன் மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சி. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். 15 முறை, மூன்று தடவை. முட்டியை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று. காலையும் மாலையும். பன்னிரண்டு வாரம். கூட்டிப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு 180. அந்த எண் என்னை விடுவதாக இல்லை. எங்கள் வீட்டு மாடிப்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நான் செய்வதைப் பார்த்து என் மகள் கூடவே நின்று எண்ணுவாள். அவளுக்கு நூறுக்கு மேல் எண்ண வந்தது அப்போதுதான். ஆறு வாரம் ஓட்டமே இல்லை, சைக்கிளும் நடையும்தான். நாண் சம்பந்தப்பட்ட வலி உங்களுக்கும் இருந்தால் இதை அப்படியே எடுத்துச் செய்யாமல் ஒரு பிசியோவிடம் காட்டிக்கொள்ளுங்கள். குதிகால் எலும்போடு நாண் ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்குவது வலியைக் கூட்டிவிடும் என்று என்னிடம் சொன்னார்.

காலடியைப் பொறுத்தவரை, ஐந்து சதவீதம் மட்டும் கூட்டச் சொன்னார். 158 என்பது 166. பாதம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாம். உடம்புக்கு வெகு முன்னால் காலை நீட்டி ஊன்றாமல் இருந்தால் போதும். அதுவும் நிதான ஓட்டத்தில் ஐந்து நிமிடம் முயன்று, அப்புறம் மறந்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் தானாக ஒட்டிக்கொண்டது.

மே மாத மதுரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஐந்தரைக்கே தார்ச்சாலை முந்தின நாள் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். என் நோட்டில் ஒரு துடிப்புக்கு 93 வரை ஏறியிருந்த கணக்கு 88-க்கு விழுந்தது. பயந்துபோய் சாரிடம் ஓடினேன். காயம்பட்டு உட்கார்ந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வெயில். உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. தசைக்கும் குறையாமல் கொடுக்க இதயம் அதிகம் அடிக்க வேண்டியிருக்கிறது. கோடையில் கடிகாரத்து வேகத்தைப் பார்க்காமல் துடிப்பையோ வாய்ப்பாட்டையோ பார்த்து ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஓடுகிற அன்று காலையில் தண்ணீர் குடித்தால் வயிறு குலுங்கும், குடிக்கவே கூடாது என்பது அவர் காலத்துப் பாடம். ஒரு நாள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தேன். 12 கி.மீ.யில் 1.4 கிலோ குறைந்திருந்தது, ஏறக்குறைய அத்தனையும் வியர்வை. அதிலிருந்து எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், ஓடி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு. சில நாள் பழைய சோற்று நீராகாரம். அதற்கு ஈடாக எந்தப் பாக்கெட் பானத்தையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாகம் இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

ஜூலையில் ஞாயிறுதோறும் அழகர்கோவில். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் 45 விநாடி வேகமாக ஏறி, நடந்து இறங்கி, மறுபடி ஏற வேண்டும். எட்டு முறை. ஏற்றத்தில் ஓடும்போது காலை நீட்டி ஊன்ற முடியாது, முட்டி தானாக உயர்கிறது, தரையில் மோதும் அதிர்ச்சியும் குறைவு. வீடியோ பார்த்து நான் கெடுத்துக்கொண்ட அத்தனையையும் மலை பேசாமல் திருத்திக் கொடுத்தது. ஒரே ஒரு அறிவுரை: கையில் வாழைப்பழத்தோடு போகாதீர்கள். அங்கே இருக்கிற குரங்குகளுக்கு இன்டர்வல் பயிற்சி எல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நடுவில் ஒரு சபலமும் வந்தது. சிக்கனத்தைக் காசு கொடுத்தே வாங்கலாம். 2017-இல் நைக்கி கொண்டுவந்த வேப்பர்ஃபிளை ஷூவின் பெயரிலேயே 4 சதவீதம் என்று எழுதியிருந்தது. அந்த அளவு சக்தி மிச்சம் என்பது பொருள். தடிமனான நுரையும் நடுவில் கார்பன் தகடும் கொண்ட இந்த வகை ஷூக்கள் போட்டி உலகத்தையே மாற்றின. சாலை ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பே போடவேண்டி வந்தது. விலையைப் பார்த்தேன். மகளின் ஒரு பருவக் கட்டணம். கடையில் இருந்த சாதாரண ஷூவில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் மாதம் ஒரு மேகமூட்டமான காலை, வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம். அதே 150 துடிப்பு. கடிகாரம் கிலோமீட்டருக்கு 6:40 என்றது. வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 150 மீட்டர். ஒரு துடிப்புக்குச் சரியாக ஒரு மீட்டர். கால்குலேட்டரில் மறுபடியும் போட்டேன். ஒன்பது செ.மீ. லாபம், ஒரு மணி நேரத்துக்கு 9,000 துடிப்பு என்றால், அதே செலவில் 800 மீட்டருக்கு மேல் கூடுதல். குளிக்கப் போகாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் கோவையில் ஒரு 10 கி.மீ. போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். மதுரைக்காரனுக்குக் கோவை டிசம்பர் விடியற்காலை என்பது குளிர்சாதன அறை. சார் சொல்லி அனுப்பியது: "முதல் ரெண்டு கிலோமீட்டர்ல உன்னைத் தாண்டிப் போறவங்களை எண்ணிக்கிட்டே போ. கடைசி ரெண்டுல திரும்ப எண்ணு." நிஜமாகவே எண்ணினேன். முதல் இரண்டு கிலோமீட்டரில் என்னைத் தாண்டியவர்கள் 43 பேர். கால் பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். ஐந்தாவது கி.மீ. தாண்டும்போது 27:45. ஏழாவதுக்கு மேல் ஆட்கள் எதிர்த்திசையில் வருவது போல ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஒன்பதாவதில் பக்கவாட்டில் பிடித்தது, மூச்சை நீளமாக வெளியே விட்டதும் விட்டது. பிற்பாதி 26:55. மொத்தம் 54:40. கடைசியில் எத்தனை பேரை முந்தினேன் என்ற எண்ணிக்கையை மட்டும் 30-க்கு அப்புறம் தவறவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு இது அவமானம்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் பார்த்தேன். காலடி நிமிடத்துக்கு 158-லிருந்து 170. ஒரு காலடியின் நீளம் 102 செ.மீ.யிலிருந்து 107-க்குச் சற்று மேல். ஐந்து விரற்கடைகூட இல்லை. ஏழு நிமிடத்துக்கு மேல் குறைந்தது இந்தச் சில்லறையில்தான்.

அடுத்து அரை மாரத்தான், 21.1 கி.மீ. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. ஞாயிறு நீள ஓட்டம் இப்போது 16 கி.மீ.யில் இருக்கிறது. முகூர்த்த நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் வைக்கிற சொந்தக்காரர்களால் அது மாதம் இரண்டு முறை தள்ளிப்போகிறது. மாடிப்படிப் பயிற்சியை விடவில்லை. நேற்று ராத்திரி மகள் எண்ணியபடி வலது கால் 27, இடது கால் 22.